சாய்மரத்தடி

இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், யாரோ ஆப்பு அடித்து வைத்தது மாதிரி வலித்தது. பாறை என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் படகிலிருந்து இறங்கும்போது ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது. பகல் முழுக்கக் குனிந்தே இருந்தவனால் ஒரேயடியாக நிமிர முடியாது. முதலில் பாதி நிமிர வேண்டும். அப்படியே கும்பிடு போடுகிறவன் மாதிரி கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அப்புறம்தான் மீதி.

அந்த அரைக் கும்பிட்டில் நிற்கும்போதுதான் சகலையின் தொட்டி கண்ணில் பட்டது.

அகலமான, ஆழமில்லாத பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே தேயிலைச் சாயம் இறங்கிய மாதிரி தண்ணீர். அதற்குள் மீன்கள் ஒன்றாகத் திரும்பின, ஒன்றாக நின்றன, மறுபடி ஒன்றாகத் திரும்பின. ஒவ்வொன்றும் ஒரு தீக்குச்சி நீளம். அடிப்பக்கம் சிவப்பு, மேலே மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு நீலக் கோடு. பூசின நீலம் இல்லை. வெல்டிங் பட்டறையைத் தாண்டிப் போகும்போது கண்ணைக் குத்துமே, அந்த நீலம். நகரத்தில் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறவர்கள் நியான் என்கிறார்கள். பிடிக்கிறவர்களுக்கு அது தீக்குச்சி.

பாறையின் தொட்டியிலும் தீக்குச்சிதான். ஆனால் நனைந்த தீக்குச்சி.

"என்ன சகலை, இன்னிக்கு எப்படி?" என்று ஊசி கேட்டான். தன் படகின் மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இறங்குவதற்குக்கூட அவசரமில்லை அவனுக்கு.

"இருக்கு."

"முதுகு பிடிச்சிருச்சா?"

"நீ உன் தொட்டியைப் பாரு."

"அது பாட்டுக்குக் கெடக்கு. அதை என்னத்த பார்க்கறது" என்று ஊசி சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் பாறைக்கு ஆகாது. இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். பாறைக்கு மூத்தவள், ஊசிக்கு இளையவள். ஒருவன் கல்குவாரியில் வருஷக்கணக்காகச் சம்மட்டி பிடித்ததால் பாறை. இன்னொருவன் ஒல்லியாக இருப்பதால் ஊசி. பாறையின் முதுகு கெட்டு, இன்னும் கொஞ்ச காலம் கல் தூக்கினால் நடமாட்டமே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகு, பெண்டாட்டியின் ஊருக்கு வந்தான். ஊசிக்கும் அப்போது வேலையில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே அளவுக் கைவலை வாங்கினார்கள். வலைக்குப் பிடி போட்டுக் கொடுத்தவன்கூட ஒரே ஆள்.

பாறை விடியும் முன்பே கிளம்புவான். ஒரு ஓடையிலிருந்து இன்னொரு ஓடை, வேர் வேராகத் தேடி, துடுப்பால் அடித்துக் கிளப்பி, துரத்தி, அள்ளுவான். ஊசி நன்றாக வெயில் ஏறிய பிறகு கிளம்புவான். ஏதோ ஒரு மூலையில் படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பான். திரும்பி வரும்போது பாறையை விட இரண்டு மடங்கு கொண்டுவருவான். சூதாடி ஜெயித்திருந்தாலோ திருடியிருந்தாலோகூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். சும்மா உட்கார்ந்து சம்பாதிக்கிறான். உழைத்து உடம்பு போனவனுக்கு அதைவிட வயிற்றெரிச்சல் வேறு இல்லை.

வீடு மாமனார் கட்டியது. அவர் போன பிறகு நடுவில் ஒட்டுப்பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். மூத்த மகளுக்குத் தெருப்பக்கம். இளைய மகளுக்கு ஆற்றுப்பக்கம். மாமியாருக்கு இரண்டு பக்கமும். பகலில் எங்கே வெக்கை குறைவோ அங்கே உட்காருவாள். கொஞ்ச நாளாக அவள் ஆற்றுப்பக்கமே உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி வீட்டுல காத்தாடி வாங்கியிருக்காங்க" என்றாள் மூத்தவள், சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே.

"தெரியுது. சத்தம் கேக்குது."

"சத்தம் மட்டுமா, இந்தச் சந்துல கையை வச்சுப் பாரு. காத்தும் வருது. நமக்கு ஓசி."

பலகையும் சுவரும் சேருகிற இடத்தில் இரண்டு விரல் சந்து இருந்தது. அதன் வழியாக மெல்லிய காற்று வந்து பாறையின் வியர்த்த கழுத்தைத் தொட்டது. சுகமாகத்தான் இருந்தது. அவன் எழுந்துபோய்க் கிழிந்த பனியன் ஒன்றை எடுத்துச் சுருட்டி, சந்தில் மேலிருந்து கீழ்வரை திணித்தான்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் மூத்தவள்.

"பூச்சி வருது."

"பூச்சியா? உன் மூஞ்சியைப் பார்த்தா பூச்சியே பயந்துக்கிட்டு ஓடிரும். காத்துமேல என்னய்யா கோவம் உனக்கு?"

பலகைக்கு அந்தப் பக்கம் இளையவள் எதற்கோ சிரித்தாள். ஊசி ஏதோ சொல்லியிருப்பான். பாறையின் பேச்சுக்கு அவன் பெண்டாட்டி அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது. சிரிக்கிற மாதிரி அவன் எதுவும் சொல்லியும் ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டாவது விஷயம் அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம் வியாபாரி வந்தபோது மீனை இறக்கி முடித்தும் கிளம்பாமல் நின்றார். இன்ஜின் வைத்த பெரிய படகு அவருடையது. கரையோரம் பிடிக்கிறவர்களிடம் எல்லாம் வாங்கிக்கொண்டு போய் நகரத்தில் கொடுப்பவர்.

"ரெண்டு பேரும் கேளுங்க. இந்தத் துறையில ரெண்டு ஆளுக்கு மீன் எடுக்க எனக்குக் கட்டுப்படியாகலை. நகரத்துக் கடைக்காரன் என்கிட்டயே பாதித் தொட்டிதான் கேக்கறான். இனிமே இங்க ஒரு ஆள்தான். அடுத்த நடையில யார் மீன் நல்லா இருக்கோ அவங்க. இன்னொருத்தர் மனசுல வச்சுக்கக் கூடாது."

ஊசி தலையைச் சொறிந்தான். "எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளா எடுத்துக்கங்களேன். நான் ஒல்லிதான், எடம் அடைக்க மாட்டேன்."

வியாபாரி சிரித்துவிட்டார். பாறைக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு ஆள் யார் என்பது அவனுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. இங்கே வேறு வேலை கிடையாது. விடியற்காலையில் தெருமுனையில் குவாரி லாரி வந்து ஹாரன் அடிக்கும். வேலையில்லாதவன் அதில் ஏறுவான். மறுபடி சம்மட்டி, மறுபடி மூக்குக்குள் வெள்ளைத் தூசி, அப்புறம் கட்டிலோடு கட்டிலாக. முதுகைப் பற்றி டாக்டர் சொன்னதை மூத்தவளிடம்கூட அவன் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை.

அதன்பின் அவன் ஒரு ஓடை விடாமல் தேடினான். தேடத் தேட மீன் கலைந்துதான் ஓடியது. வியாபாரி வருவதற்கு முதல் நாள் காலையில் இளையவள் வந்து வாசலில் நின்றாள்.

"மாமா, அவருக்குக் காய்ச்சல். எழுந்திரிக்கவே முடியலை. உங்களைக் கூப்பிடறாரு."

போனான். ஊசி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அந்தக் காற்றாடி ஓரமாக, ஓடாமல், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கப் பாறைக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

"சகலை, எனக்கு ஒரு உதவி. என் எடத்துக்கு நீ போயிட்டு வா. எனக்கு ஒரு தொட்டி பிடிச்சுக் குடு போதும். மிச்சம் எவ்வளவு வேணுமோ நீ எடுத்துக்க. நாளைக்கு ரெண்டு பேரும் சமமா நிப்போம். அப்புறம் அவரு யாரைச் சொன்னாலும் சரி."

"எந்த எடம்?" பாறையின் குரல் அவனுக்கே வேறு மாதிரிக் கேட்டது. இவ்வளவு நாள் இவன் மறைத்து வைத்திருந்த இடம்.

"ரெண்டாவது ஓடைக்குள்ள போ. வலது பக்கம் ஒரு மரம் தண்ணி மேல சாஞ்சு கெடக்கும். அதுக்கு அடியில குனிஞ்சு போனா உள்ள ஒரு குட்டை மாதிரி இருக்கும். ஓடைக்கும் குட்டைக்கும் அதுதான் வழி. நீ அதைத் தாண்டித் தாண்டிப் போறதை நானே பார்த்திருக்கேன். என்னமோ ரயிலைப் பிடிக்கற மாதிரி போவே. கூப்பிடலாம்னு நெனப்பேன், அதுக்குள்ள போயிருவே." மூச்சு வாங்கிக்கொண்டான். "அங்க போனா அவசரப்படாத. படகைக் கட்டிட்டுச் சும்மா உட்காரு. அதுங்க பழகினதும் துடுப்பைத் தண்ணிக்குள்ள மெதுவா ஆட்டு. தானா ஒதுங்கி வலைக்கு வரும். பாதியை எடு, பாதியை விட்ரு. அந்தக் குட்டைத் தண்ணியிலேயே கொண்டா. ஆத்துத் தண்ணி சேராது அதுக்கு."

"சரி சரி. படு."

கிளம்பும்போது பாறை கோடாரியையும் படகில் போட்டுக்கொண்டான். ஓடையில் விழுந்து கிடக்கிற மரங்களை வெட்டி வழி பண்ண எப்போதும் எடுத்துப் போவதுதான். அன்றைக்கு வேறு எண்ணம் ஒன்றும் இல்லை, கிளம்பும்போது.

ஆற்றுத் தண்ணீர் சேற்று நிறம். இரண்டாவது ஓடைக்குள் நுழைந்ததும் அது கறுக்க ஆரம்பித்தது. சாய்மரத்தை அவன் நூறு தடவை பார்த்திருக்கிறான். அதற்குப் பின்னால் ஒன்று இருக்கும் என்று நினைத்ததில்லை. கிளைகள் தண்ணீரைத் தொட்டுத் திரை போட்டிருந்தன. முதுகு கத்தக் கத்தக் குனிந்து படகை உள்ளே விட்டான்.

உள்ளே நடுப்பகலிலும் அந்தி மாதிரி இருந்தது. சாய்மரத்தின் தலையும் மற்ற மரங்களின் தலைகளும் சேர்ந்து மேலே மூடியிருந்தன. தண்ணீர் அசையவில்லை. கையை விட்டான். முழங்கை சிவப்பாகத் தெரிந்தது, விரல்கள் தெரியவில்லை. அடியில் இலைகள். வருஷக்கணக்காக விழுந்து, ஊறி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இலைகள். அவைதான் தண்ணீருக்குச் சாயம் ஏற்றியிருந்தன. மேலேயிருந்து ஒரு எறும்பு விழுந்தது. தண்ணீரில் ஒரு சின்ன வட்டம் எழுந்தது, எறும்பு காணாமல் போனது.

மீன் ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று பாறை நினைத்தான். அதை நினைத்ததும் ஒரு மாதிரி நிம்மதிகூட வந்தது.

அப்போது கறுப்புக்குள் ஒரு நீலக் கோடு நகர்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழக, வேர்களுக்கு நடுவிலிருந்து, இலைகளுக்கு மேலிருந்து, கோடு கோடாக வந்துகொண்டே இருந்தன. உடம்பு தெரியவில்லை, கோடு மட்டும். ஒன்று திரும்பியதும் அத்தனையும் திரும்பின. அந்த இருட்டில் ஒன்றையொன்று தொலைத்துவிடாமல் இருக்கத்தான் அதுகளுக்கு அந்த விளக்கு போல. குட்டை முழுக்க அதுதான். அவன் வாழ்நாளில் அதுவரை பிடித்த மீனெல்லாம் சேர்ந்தால்கூட இதில் ஒரு மூலைக்கு வராது.

'இதுதானா' என்று நினைத்தான். 'இதுக்கு நடுவுலதான் கால நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தானா.'

அழகாக இருந்தது. அவ்வளவு அழகு இத்தனை நாளாக ஊசிக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் பொறுக்கவில்லை.

உட்கார்ந்து பார்த்தான். உட்காரத் தெரியாத உடம்பு அது. கொஞ்ச நேரத்தில் இடுப்பு குத்தியது, நிலை மாறினான், படகு ஆடியது, கோடுகள் அத்தனையும் அணைந்தன. மறுபடி வந்தன. வலையை விட்டான். வேரில் மாட்டியது. பிடுங்கினான், கிழிந்தது. மறுபடி இருட்டு. ஊசியின் தொட்டியில் ஒரு கை மீன் சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

கல்குவாரியில் வேலை செய்தவனுக்கு ஒன்று தெரியும். ஒரு பொருள் வழி விடாவிட்டால் அதை உடைக்க வேண்டும். பாறை நிமிர்ந்து சாய்மரத்தைப் பார்த்தான். அது விழுந்தால் வெளிச்சம் வரும். அது இருக்கிற இருப்புக்குக் குட்டையின் வாய்க்குக் குறுக்கேதான் விழும். வாய் அடைபட்டால் ஒரு மீன்கூட வெளியே போகாது. இந்த இரண்டு காரணத்தையும் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூன்றாவது காரணத்தைச் சொல்லிக்கொள்ளவில்லை. இனிமேல் ஊசி இங்கே வந்து உட்கார முடியாது.

படகை இழுத்துக் குட்டையின் உள்பக்கம் கட்டிவிட்டு, கோடாரியோடு வேர்மேல் ஏறினான். முதல் வெட்டில் பால் தெறித்துச் சட்டையில் விழுந்தது. ஆச்சரியமாக, முதுகு வலிக்கவில்லை. கை பழைய தாளத்துக்குப் போய்விட்டது. மரம் தன் பாரத்திலேயே பாதி ஒடிந்து கொடுத்தது. விழுந்தபோது குட்டையே எழுந்து உட்கார்ந்தது. இலைகள், கொம்புகள், அடியில் கிடந்த பழைய சேறு எல்லாம் மேலே வந்தன. அப்புறம் மெல்ல அடங்கியது.

மேலே ஓட்டை விழுந்திருந்தது. வெயில் நேராக உள்ளே இறங்கியது. மீன்கள் அத்தனையும் உள்மூலையில் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றன. வெயில் பட்டதும் நீலமும் சிவப்பும் பற்றிக்கொண்ட மாதிரி எரிந்தன. அவன் கண்ணை மூடித் திறந்தான். கையால் தொட்டால் செதில் போகும் என்பதால் கிண்ணத்தால்தான் அள்ள வேண்டும். அள்ளினான். பாதியை விடு என்று ஊசி சொன்னது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த பிறகும் அள்ளினான். கடைசியில் அந்த மூலையில் சேறுதான் இருந்தது.

நல்லவை எல்லாம் அவனுடைய தொட்டிகளுக்குப் போயின. மரம் விழுந்தபோது கிளையில் உரசியவை, வால் கிழிந்தவை, ஒரு பக்கமாகச் சாய்ந்தவை எல்லாம் ஊசியின் தொட்டிக்கு. விழுந்த மரத்தின் கிளைகளைக் கழித்து, அதன் மேலாகப் படகை நெம்பித் தள்ளி வெளியே வந்ததில் நிறைய தண்ணீர் சிந்தியிருந்தது. தன் தொட்டிகளுக்குக் குட்டைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். ஊசியின் தொட்டிக்கு, வழியில், ஆற்றுத் தண்ணீரை.

மறுநாள் வியாபாரி இரண்டு பேருடைய தொட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெள்ளைத் தட்டு ஒன்றைத் தண்ணீருக்குள் செருகி, அதன்மேல் மீன் போகும்போது கோடு எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். ஊசியின் தொட்டியில் கோடே இல்லை. சோப்புத் தண்ணீர் நிறத்தில் மீன்கள் அடியில் கிடந்தன.

"இது ஊசியோடதா?" என்று வியாபாரி நம்பாமல் கேட்டார்.

ஊசிக்குப் பதிலாக இளையவள் வந்து நின்றிருந்தாள். "அவருக்கு முடியலைங்க. மாமாதான் பிடிச்சுக் குடுத்தாரு."

"பிடிச்ச கை ஒண்ணுதானே? அப்புறம் ஏன் இப்படி?"

பாறை தொட்டியையே பார்த்துக்கொண்டு, "சில மீன் அப்படித்தான்" என்றான்.

வியாபாரி இரண்டு தொட்டியையும் இன்னொரு தடவை பார்த்தார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பார். "சரி. இனிமே இந்தத் துறையில பாறைதான்" என்றார்.

மூத்தவள் அன்றைக்கு அவனுக்கு நிறையச் சோறு போட்டாள். "எந்திரிச்சு நிக்கக்கூட முடியாத ஆளு, ஜெயிச்சிட்டியே" என்று சிரித்தாள். அவன் கேட்க ஏங்கிய சிரிப்பு அது. அதே நேரத்தில் அவன் காது பலகைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே அழுகைச் சத்தம் இல்லை. சண்டையும் இல்லை. ஊசி கம்மிய குரலில் ஏதோ சொன்னான். இளையவள் ஒரு விநாடி கழித்துச் சிரித்தாள். மெல்லத்தான், ஆனாலும் சிரித்தாள். பாறைக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றவன் வீட்டில் எதற்குச் சிரிப்பு?

மாமியார் துணி துவைத்துக் கொண்டுவந்து கொடியில் போட்டாள். "சட்டையில என்ன மாப்பிள்ளை இது, பால் கறையா? எவ்வளவு கசக்கியும் போகலை. மரம் கிரம் வெட்டினீங்களா?"

"வழியில ஒரு கிளை."

"ஒரு கிளைக்கு இவ்வளவு பாலா" என்றாள் அவள். அப்புறம் இரண்டு பக்கமும் உட்காராமல் வெளியே படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

காய்ச்சல் விட்டதும் ஊசி படகை எடுத்தான். வியாபாரி வாங்கமாட்டார் என்று தெரிந்தும் போனான். அவனுக்கு அங்கே உட்கார வேண்டும்போல இருந்திருக்கும். சீக்கிரமே திரும்பி வந்தான். பாறை துறையில் வலை தைத்துக்கொண்டிருந்தான். ஊசி படகைக் கட்டிவிட்டு அவன் பக்கத்தில் வந்து குந்தினான். கையில் சாய்மரத்தின் செதுக்கல் துண்டு ஒன்று. வெட்டுப்பட்ட இடம் பழுத்துச் சிவந்திருந்தது.

"மரத்தை ஏன் சகலை வெட்டினே?"

"உள்ள ஒண்ணும் தெரியலை. வெளிச்சம் பத்தலை."

"யாருக்கு? மீன் உன்கிட்ட வந்து வெளக்கு வேணும்னு கேட்டுச்சா?"

பாறை வலை நூலை இழுத்து முடிச்சுப் போட்டான். "இத்தனை நாளு நீ எடத்தை மறைச்சு வச்சுத் தின்னே. அப்ப நான் கேட்டேனா?"

"மறைச்சேனா?" ஊசிக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீ கேக்கவே இல்லையே சகலை. கேட்டிருந்தா காட்டியிருப்பேன். அந்த எடமே வேணும்னாலும் வச்சுக்கன்னு சொல்லியிருப்பேன். நான் வேற எங்கேயாவது போய் உட்கார்ந்திருப்பேன். எனக்கு உட்காரத்தானே தெரியும்."

பாறை வலையில் அடுத்த கண்ணிக்குப் போனான்.

"என் தொட்டியில ஆத்துத் தண்ணியை ஊத்தினதுகூடப் போகட்டும்" என்றான் ஊசி. "அது என் பிழைப்பு, உன் பிழைப்பு. நாமளா அடிச்சுக்கறது. அந்த மரம் என்ன பண்ணுச்சு? இலையைப் போட்டுக்கிட்டு அது பாட்டுக்குச் சாஞ்சு கெடந்துச்சு."

செதுக்கலைப் பாறையின் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தான்.

அடுத்த வாரம் விடியலில் குவாரி லாரி ஹாரன் அடித்தபோது ஆற்றுப்பக்கக் கதவு திறந்தது. அந்த ஒல்லி உடம்பு சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறுவதைப் பாறை ஜன்னல் வழியாகப் பார்த்தான். தனக்கு வரவேண்டியிருந்தது அவனுக்குப் போகிறது என்று நினைத்தான். அது ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தான்.

மரத்தின் மேலாகப் படகை நெம்பித் தள்ளிக் குட்டைக்குள் போனான். ஓட்டை வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. விழுந்த மரம் வாயை அடைத்திருந்ததால் ஓடைத் தண்ணீர் உள்ளே மாறவில்லை. கையை விட்டான், வெதுவெதுப்பாக இருந்தது. கறுப்பாக இருந்த இடத்தில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அடிமரத்தின் மேல் ஒரு மீன்கொத்தி. ஓரத்தில் ஒரு கொக்கு, குத்தகைக்கு எடுத்தவன் மாதிரி நின்றது. பாறை படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்தான். முதுகு வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஊசி சொன்ன மாதிரி, அசையாமல். கொக்கு பறந்துபோன பிறகும் உட்கார்ந்திருந்தான். ஒரு கோடுகூட வரவில்லை.

அன்றைக்குப் பிறகு கயிறு கட்டி அந்த மரத்தை இழுத்து வாயைத் திறந்துவிட்டான். வாய் திறந்தது. மேலே நிழல் இருந்த இடம் திறந்தபடியேதான் இருந்தது.

வியாபாரி ஒரு நடை பொறுத்தார். அடுத்த நடையும் பொறுத்தார். அதற்கடுத்த நடையில் பாறையின் தொட்டியில் தட்டைச் செருகிப் பார்த்துவிட்டு, தட்டைத் துடைத்து உள்ளே வைத்தார். "அன்னிக்கு நீ கொண்டாந்த மீனை எங்கப்பா பிடிச்சே? அங்கேயே போய்ப் பிடியேன்" என்றார்.

"அங்க இல்லை இப்ப."

"அப்ப நானும் இங்க இல்லை." இன்ஜினைக் கிளப்பினார். அதன்பின் அந்தத் துறையில் அவர் படகை நிறுத்தவில்லை. நடு ஆற்றிலேயே போய்விடுவார்.

இப்போது லாரியில் சகலைகள் இரண்டு பேரும் ஏறுகிறார்கள். பாறையால் சம்மட்டி தூக்க முடியாது என்பதால் மேஸ்திரி அவனை ஜல்லி பொறுக்கப் போட்டிருக்கிறார். அது பெண்களோடு குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். ஊசிதான் சம்மட்டி பிடிக்கிறான். லாரியில் சக்கரத்துக்கு மேலே இருக்கிற மூலை அதிகம் தூக்கிப் போடும். ஊசி அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, "நீ முன்னாடி உட்காரு சகலை, உன் முதுகுக்கு இது ஆகாது" என்கிறான். சும்மா சொல்கிறான். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஒருவனால் எப்படி முடிகிறது என்று பாறைக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

சாயங்காலம் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து தைல வாடை வருகிறது. இளையவள் முதுகில் தேய்த்துவிடுகிறாள். "மெதுவாடி, அது முதுகு, அம்மிக்கல்லு இல்லை" என்கிறான் ஊசி. அவள் சிரிக்கிறாள். சந்திலிருந்து பனியனைப் பாறை உருவி எறிந்துவிட்டான். ஆனால் அந்தப் பக்கம் காற்றாடி இல்லை. விற்றுவிட்டார்கள்.

விடுமுறை நாட்களில் அவன் மட்டும் படகை எடுத்துக்கொண்டு இரண்டாவது ஓடைக்குப் போகிறான். அதே சாதி மரத்தில் கொம்பு ஒடித்து வாய்க்கு ஓரமாக நட்டான். வெள்ளம் கொண்டுபோனது. மறுபடி நட்டான். வெயிலில் காய்ந்தது. மூன்றாவது தடவை கல் அடுக்கி, முட்டுக்கொடுத்து நட்டது பிழைத்திருக்கிறது. பெருவிரல் கனம். நிழல் என்று பார்த்தால் ஒரு தொட்டியின் மூடி அளவு. அதுவும் இலை உதிர்க்க மனமில்லாத மரமாக இருக்கிறது. அடிக்கடி போய்ப் பார்க்கிறான். மீன் இல்லை.

அதைப் பற்றி ஊசியிடம் அவன் சொன்னது ஒரே ஒரு தடவை, லாரியில்.

"ஒரு கொம்பு பிழைச்சிருக்கு சகலை."

ஊசி தூசி படிந்த இமையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தான். "கொம்பு இல்லை. எனக்கு நீ தரவேண்டியது மரம்" என்றான். கோபமில்லாமல், கடன் கொடுத்தவன் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

பாறை இன்னும் தரவில்லை. சகலைக்கு அவன் தரவேண்டியது, தண்ணீர் மேல் சாய்ந்து, நடுப்பகலை இருட்டாக்குகிற ஒரு முழு மரம்.